சீமெந்து போன பாதை: மேசை மேல் ஒரு காங்கேசன்துறை

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் மாதிரியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அமெரிக்கச் சீமெந்து ஆலை, ஜேர்மனியக் கல் உடைக்கும் ஆலை, ஆங்கிலேயரின் நிலக்கரிக் கொட்டில் எல்லாம் பிளாஸ்ரிக் துண்டுகளாகப் பெட்டிக்குள் அடைத்து விற்கப்படுகின்றன. வாங்கி, ஒட்டி, வர்ணம் பூசி, மாதிரி ரயில்பாதையின் ஓரத்தில் வைத்துவிடலாம். வட இலங்கைக்கு அப்படி ஒரு பெட்டியும் இல்லை. எங்களுடைய தொழிற்சாலை வேண்டுமென்றால், பிறருடைய தொழிற்சாலைகளை வெட்டித்தான் அதைச் செய்ய வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் என் வீட்டு மேசையில் 1975ஆம் ஆண்டின் காங்கேசன்துறையை, உண்மையான அளவின் 87இல் ஒரு பங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இது பொழுதுபோக்குத்தான். ஆனால் ஒரு சுவரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பதற்கே அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடந்தது, எந்தப் பொருள் எந்த வாசலால் உள்ளே போனது, எது எந்த வாசலால் வெளியே வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போது, 1990இல் குடாநாடு ஒரு ரயில் சேவையை மட்டும் இழக்கவில்லை என்பது துலக்கமாகத் தெரிகிறது. இதைச் செய்யும் முறையையும், செய்யும்போது தெரியவருவதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

வெட்டி ஒட்டும் வேலை

பெட்டியில் வரும் பொருத்து மாதிரியை மாதிரிக்காரர்கள் 'கிற்' என்பார்கள். அதை அறிவுறுத்தல் தாளின்படி ஒட்டாமல், இரண்டு மூன்று கிற்களின் துண்டுகளை வெட்டி, மாற்றி, சேர்த்து, எந்தப் பெட்டியிலும் இல்லாத புதிய கட்டடம் ஒன்றைச் செய்வதற்குப் பெயர் 'கிற்பாஷிங்'. அமெரிக்காவின் 'மொடல் ரெயில்ரோடர்' சஞ்சிகையில் ஆர்ட் கரன் என்பவர் இந்த முறையைப் பற்றித் தொடர்ந்து எழுதி, அதைப் பலருக்கும் பழக்கமாக்கினார். 1977இல் வந்த 'ஸ்ரார் வோர்ஸ்' படத்தின் விண்கலங்களும் இதே வழியில்தான் செய்யப்பட்டன. யுத்த தாங்கி, போர்க்கப்பல் கிற்களின் சின்னஞ்சிறு துண்டுகளை ஒட்டி ஒட்டித்தான் அவற்றின் மேற்பரப்புக்கு ஓர் இயந்திரத் தோற்றத்தைக் கொடுத்தார்கள்.

பெயர் புதிதே தவிர வேலை எங்களுக்குப் புதிதல்ல. நத்தாருக்குக் கடதாசி மட்டையிலும் மரத்தூளிலும் பாலன் குடில் கட்டியவர்கள், பாடசாலைக் கண்காட்சிக்கு ரெஜிபோமில் அணைக்கட்டு செய்தவர்கள், வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு மூங்கிலிலும் கடதாசியிலும் விதவிதமான உருவங்களைப் பட்டமாக்கி வானில் ஏற்றுபவர்கள் எல்லோருக்கும் கையில் இருப்பதைக் கொண்டு வேறொன்றைச் செய்யத் தெரியும்.

வீடு, கடை, கோயில் போன்றவற்றைவிடத் தொழிற்சாலைக்குத்தான் கிற்பாஷிங் மிகவும் பொருந்தும். அதற்குக் காரணம் உண்டு. எந்தத் தொழிற்சாலையும் ஒரே நாளில் கட்டி முடிக்கப்படுவதில்லை. முதலில் ஒரு கட்டடம் எழும். உற்பத்தி கூடினால் பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். பழைய கூரையைக் கிழித்துப் புதிய குழாய் போகும். மூடிய யன்னலின் அடையாளம் சுவரில் இருக்கும். ஆகவே வெவ்வேறு கிற்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தாமல் நிற்பது இங்கே குறையாகத் தெரிவதில்லை.

ஏன் காங்கேசன்துறை?

குடாநாட்டுக்கு ரயில் வந்தது 1902இல். அவ்வாண்டு மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. 1905இல் அது தெற்கோடு இணைந்தது. முதல் அரை நூற்றாண்டுக்குக் காங்கேசன்துறை வடபாதையின் கடைசி நிலையம், ஒரு சிறு துறைமுகம். 1950இல், ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், அங்கே அரச சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றோடு சேர்த்து இன்றுவரை அவர் பெயரால் நினைவுகூரப்படும் மூன்று தொழிற்சாலைகளில் இது ஒன்று.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. யாழ்தேவியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அதே தண்டவாளத்தில் ஓடிய சரக்கு வண்டிகளைப் பற்றி ஏறக்குறைய யாரும் எழுதவில்லை. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தொழிற்சாலையும் அந்த ஆண்டிலேயே மூடப்பட்டது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மக்கள் இடம்பெயர்ந்தார்கள்.

என் வயதுக்காரருக்கு ரயில் என்பது நீண்டகாலம் பாடப்புத்தகத்துப் படம். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. பயணிகள் பெட்டிகள் வந்தன. சீமெந்துப் பெட்டிகள் வரவில்லை, ஏற்றுவதற்குச் சீமெந்தும் இல்லை. நான் மாதிரிக்கு 1975ஐத் தெரிவு செய்ததற்குக் காரணம், அந்த ஆண்டில் பாதையும் தொழிற்சாலையும் ஒன்றையொன்று நம்பி இயங்கிக்கொண்டிருந்தன என்பதுதான்.

முதலில் கல், பிறகு கட்டடம்

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் கிற்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலுள்ள சுவர்களை எப்படி அடுக்கலாம் என்று யோசிப்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் ஒரு வெற்றுத் தாளில் பொருள் போகும் வழியை வரைய வேண்டும். சீமெந்துக்கு அந்த வழி இது.

சுண்ணாம்புக்கல் அகழ்விலிருந்து உடைக்கும் பொறிக்குப் போகிறது. உடைந்த கல்லோடு களிமண் சேர்கிறது. இரண்டையும் சேர்த்து மாவாக அரைக்கிறார்கள். கலவை ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதால் பெரிய தொட்டிகளில் தேக்கிக் கலக்குகிறார்கள். பிறகு அது சுழல் சூளைக்குள் போகிறது. சூளை என்றால் செங்கற் சூளை போன்றதல்ல, கிடையாகச் சற்றே சாய்ந்து, மெதுவாகச் சுழலும் நீண்ட உருக்குக் குழாய். மேல் முனையால் கலவை நுழையும். கீழ் முனையில் தீச்சுவாலை எரியும். ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கலவை உருகும் தறுவாய்க்கு வந்து, கருஞ்சாம்பல் நிறக் கட்டிகளாகக் கீழே விழும். இதற்குக் கிளிங்கர் என்று பெயர். அதை ஆறவைத்து, சிறிதளவு ஜிப்சம் சேர்த்து, இரும்புக் குண்டுகள் உருளும் ஆலையில் அரைத்தால் சீமெந்து. பிறகு களஞ்சியத் தொட்டி, பொதியிடும் கட்டடம், ரயில்பெட்டி அல்லது லொறி.

இந்த வரிசையைத் தாளில் வரைந்துவிட்டால், எத்தனை கட்டடங்கள், எது எதற்குப் பக்கத்தில், எது உயரம், எது தாழ்வு என்பதெல்லாம் தானாகவே வந்துவிடும். உடைக்கும் பொறியை அகழ்வின் பக்கமாக வைக்க வேண்டும். சூளைக்கு ஒரு முனையில் புகைபோக்கி, மறு முனையில் எரிபொருள் தாங்கி. பொதியிடும் கட்டடம் தண்டவாளத்தைத் தொட்டபடி நிற்க வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாமல் நூறு குழாய்களை ஒட்டினாலும் பார்ப்பவருக்கு ஏதோ பிசகு என்று தோன்றும். என்ன பிசகு என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

தொழிற்சாலை ஏன் அந்த இடத்தில் நின்றது என்பதையும் இதே வரிசை சொல்கிறது. ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் மூலப்பொருள் தேவை. சுண்ணாம்புக்கல் வேகும்போது அதன் எடையில் கணிசமான பங்கு காபனீரொட்சைட்டாக வானத்துக்குப் போய்விடுகிறது. வழியிலேயே காற்றாகப் போகும் ஒரு பாரத்தைத் தூர இடத்துக்குச் சுமந்து செல்வதில் பயனில்லை. எனவே தொழிற்சாலை கல்லைத் தேடி வரும். குடாநாடு முழுவதுமே சுண்ணாம்புக்கல். ஆனால் தேவையான களிமண் இங்கே இல்லை. அது மன்னார் மாவட்டத்தின் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது.

வரைபடத்தில் முருங்கன் அவ்வளவு தூரமில்லை. ஆனால் தண்டவாளம் அப்படி நேராகப் போவதில்லை. களிமண் பெட்டிகள் தலைமன்னார்ப் பாதையால் தென்கிழக்கே மதவாச்சிச் சந்திவரை போய், அங்கிருந்து வடபாதையில் திரும்பி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு, யாழ்ப்பாணம் தாண்டிக் காங்கேசன்துறைக்கு வரவேண்டும். இந்த வளைவை மேசையில் கட்ட இடமில்லை. ஆனால் மாதிரியில் நிற்கும் ஒவ்வொரு களிமண் பெட்டியும் அந்த வழியால் வந்தது என்பது தெரிந்தால், பெட்டிகளின் எண்ணிக்கை, நிறம், அழுக்கு எல்லாம் மாறிவிடும்.

அளவும் சுருக்கமும்

உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் மாதிரி அளவு எச்.ஓ. எனப்படும் 1:87. கிற்கள் அதிகம் கிடைப்பதும் இந்த அளவிலேயே. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் இதில் 19 மில்லிமீற்றர். 2.1 மீற்றர் கதவு 24 மில்லிமீற்றர்.

முதல் சிக்கல் தண்டவாளத்தில் வருகிறது. இந்த அளவில் விற்கப்படும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். 87ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீற்றர், அதாவது ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை அகலம். இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். எங்களுக்குச் சரியான மாதிரித் தண்டவாளம் 19.3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அதைக் கையால்தான் செய்யவேண்டும், எஞ்சினின் சக்கரங்களையும் மாற்ற வேண்டும். கட்டடமே நோக்கம் என்றால் 16.5ஐ ஏற்றுக்கொள்ளலாம். நான் ஓடும் பாதைகளுக்கு அதையே வைத்திருக்கிறேன். தொழிற்சாலை முற்றத்தில் பெட்டிகள் அசையாமல் நிற்கும் ஒரு கிளைப்பாதையை மட்டும் 19.3இல் போட்டிருக்கிறேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது எங்கள் பாதை எவ்வளவு அகலம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது சிக்கல் நீளம். சுழல் சூளை ஒன்று 100 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 1:87இல் அது 115 சென்ரிமீற்றர். எட்டடிக்கு நாலடி பலகையின் அகலத்தை அந்த ஒரு குழாயே விழுங்கிவிடும். இங்கே மாதிரிக்காரர்கள் கையாளும் வழி, தெரிந்தெடுத்துச் சுருக்குவது. எல்லாவற்றையும் சமமாகச் சுருக்கக் கூடாது. மனிதரோடு தொடர்புள்ள கதவு, படி, கைபிடி, யன்னல் ஆகியவற்றில் கைவைக்கவே கூடாது. திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கலாம்: ஆறு தொட்டிகளுக்குப் பதில் நான்கு, பன்னிரண்டு யன்னலுக்குப் பதில் எட்டு. நீளத்தைக் குறைத்தாலும் விட்டத்தைக் குறைக்கக் கூடாது. என் சூளை 60 சென்ரிமீற்றர். ஆனாலும் அதன் முன்னால் நிற்கும் 19 மில்லிமீற்றர் மனிதர் சூளையைக் கழுத்தை உயர்த்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

படத்திலிருந்து அளவு

தொழிற்சாலையின் வரைபடங்கள் என்னிடம் இல்லை. பழைய படங்கள் சிலவே கிடைக்கின்றன. அவற்றிலிருந்து அளவெடுக்க ஒரு வழி உண்டு. படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். தண்டவாளம் தெரிந்தால் நல்லது, அதன் அகலம் 1676 மில்லிமீற்றர் என்பதில் மாற்றமில்லை. மனிதர் நின்றால் அதுவும் உதவும். ஒன்றும் இல்லையென்றால் கூரைத் தகரத்தின் நெளிவுகளை எண்ணலாம். சாதாரண நெளிதகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 76 மில்லிமீற்றர். பத்து நெளிவு என்றால் 76 சென்ரிமீற்றர். ஆனால் அளவு தெரிந்த பொருளும் அளக்க வேண்டிய சுவரும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் மனிதரை வைத்துப் பின்னால் உள்ள புகைபோக்கியை அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

படத்தில் தெரியாத பக்கத்தை என்ன செய்வது? அதைச் செயல்முறை சொல்லும். மறைந்திருக்கும் பக்கத்தில் ஓர் உருளை ஆலை இருந்தால், அதைச் சுழற்ற மோட்டார் வேண்டும். மோட்டாரைப் பழுதுபார்க்கப் பெரிய கதவு வேண்டும். கதவுக்கு முன்னால் லொறி திரும்ப இடம் வேண்டும். இது ஊகம்தான், ஆனால் காரணத்தோடு கூடிய ஊகம். அப்படி ஊகித்த பகுதிகளை நான் மாதிரியின் அடித்தட்டில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு ஒரு படம் கிடைத்தால் எதை உடைத்துத் திருத்துவது என்று தெரிய வேண்டும் அல்லவா?

சந்தையில் கிடைப்பவை

வெளிநாட்டு கிற்கள் விலை கூடியவை. முழுத் தொழிற்சாலையையும் அவற்றால் கட்டுவது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. கையால் செய்யக் கடினமானவற்றுக்கு மட்டும் கிற்களை வைத்துக்கொள்ள வேண்டும்: யன்னல் சட்டங்கள், ஏணிகள், இரும்புப் பாலச் சட்டகங்கள், மோட்டார்கள். மற்றவை கையாலேயே முடியும்.

அமெரிக்கக் கிற்களின் சுவர்கள் பெரும்பாலும் வளைவு யன்னல் வைத்த செங்கற் சுவர்கள். காங்கேசன்துறையில் இன்று எஞ்சி நிற்பவற்றில் கண்ணுக்குப் படுவது கொங்கிறீற்று. இதற்கு எளிய உபாயம், சுவரைத் திருப்பி வைப்பது. பிளாஸ்ரிக் சுவரின் பின்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். அதை வெளிப்பக்கமாக்கி, மெல்லிய பிளாஸ்ரிக் பட்டிகளைத் தூணும் வளையுமாக ஒட்டினால் கொங்கிறீற்றுச் சட்டகம் ஆகிவிடும்.

சூளைக்கு 40 மில்லிமீற்றர் பி.வி.சி. தண்ணீர்க் குழாய். 1:87இல் அது ஏறத்தாழ மூன்றரை மீற்றர் விட்டம், நல்ல பொருத்தம். சூளை உருளும் உருக்கு வளையங்களை அடுத்த அளவுக் குழாயிலிருந்து வெட்டி, உள்ளே கடதாசி சுற்றி இறுக்கலாம். சூளையை மட்டமாக வைத்துவிடக் கூடாது. நூற்றுக்கு மூன்று முதல் நான்கு வரை சாய்வு வேண்டும். 60 சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர். இந்தச் சிறு சாய்வு இல்லாவிட்டால் அது வெறும் குழாய். களஞ்சியத் தொட்டிகளுக்கு 110 மில்லிமீற்றர் குழாய். அது ஒன்பதரை மீற்றர் விட்டமுள்ள தொட்டியாகும். பி.வி.சி.யின் பளபளப்பை அரத்தாளால் தேய்த்துவிட்டு வர்ணம் பூசாவிட்டால் வர்ணம் உரிந்துவிடும்.

கூரைத் தகரத்துக்கு அலுமினியத் தாளும் 5 மில்லிமீற்றர் மரைக்கம்பியும் போதும். ஒரு றப்பர் விரிப்பில் தாளை வைத்து, மரைக்கம்பியை அழுத்தி உருட்டினால் வரிவரியாக நெளிவு விழும். அந்தக் கம்பியின் மரை இடைவெளி 0.8 மில்லிமீற்றர், 87ஆல் பெருக்கினால் 70. உண்மைத் தகரத்தின் 76க்குக் கிட்டவே நிற்கிறது. வரிகள் சற்றுச் சரிவாக விழும், வெட்டும்போது வரியைப் பார்த்து வெட்டினால் சரி. மெல்லிய குழாய்களுக்கு ஈர்க்கு, கைபிடிகளுக்குப் பழைய வயரின் செப்புக் கம்பி.

தூசிக்கும் திசை உண்டு

விபரம் சேர்ப்பது என்றால் கண்ட கண்ட இடத்தில் துருவும் அழுக்கும் பூசுவது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு சீமெந்துத் தொழிற்சாலையில் தூசிக்கு ஒரு நிறமும் ஒரு திசையும் இருக்கின்றன. உடைக்கும் பொறியைச் சுற்றிப் படிவது சுண்ணாம்புக்கல்லின் மங்கல் வெள்ளை. கிளிங்கர்க் கொட்டிலைச் சுற்றிக் கருஞ்சாம்பல். பொதியிடும் கட்டடத்தில் சீமெந்தின் சாம்பல். களிமண் இறக்கும் இடத்தில் முருங்கனின் கரிய மண். எல்லாவற்றுக்கும் அடியில் வலிகாமத்தின் செம்மண். இந்த ஐந்து நிறத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் தொழிற்சாலை சேறாகிவிடும். தனித்தனியாக வைத்தால், கட்டடத்தின் பெயரை எழுதாமலே அங்கே என்ன வேலை நடந்தது என்று புரியும். நான் சோக்குத் தூளையும், அரித்தெடுத்த உண்மையான சுண்ணாம்புக்கற் பொடியையும் பயன்படுத்துகிறேன். கல்லுக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை, வளவுக்குள்ளேயே கிடக்கிறது.

திசையைக் காற்று தீர்மானிக்கும். காங்கேசன்துறை வடகரையில் இருக்கிறது. சோளகம் அடிக்கும் மாதங்களில் தூசி கடலை நோக்கிப் போகும். வாடை அடிக்கும்போது அது ஊர்ப்பக்கம் திரும்பும். ஆகவே கூரைகளின் ஒரு சரிவில் தடிப்பாகவும் மறு சரிவில் மெல்லியதாகவும் பூச வேண்டும். தொழிற்சாலை மதிலோடு தூசியை நிறுத்திவிடவும் கூடாது. மதிலுக்கு அப்பால் நிற்கும் பனையின் ஓலையிலும், வீட்டு ஓட்டிலும், வேலியிலும் ஒரு மெல்லிய படலம் வேண்டும். அந்தப் படலத்தோடுதான் அயலில் மக்கள் வாழ்ந்தார்கள். வேலையும் சம்பளமும் தந்த அதே தொழிற்சாலை தூசியையும் தந்தது.

அகழ்வுக் குழியையும் விட்டுவிட முடியாது. பெரும்பாலான மாதிரிகளில் தொழிற்சாலை இருக்கும், அது தின்ற நிலம் இருக்காது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிக்கும் தண்ணீர் இதே சுண்ணாம்புக்கல்லுக்குள்தான் தேங்கி நிற்கிறது, அடியில் உப்புநீர், மேலே மெல்லிய நன்னீர். கடற்கரைக்குக் கிட்ட ஆழமாகக் கல் அகழ்ந்தால் அந்தச் சமநிலை குலையும் என்பதே தொழிற்சாலையைத் திரும்ப இயக்கும் பேச்சு எழும்போதெல்லாம் சொல்லப்படும் முதன்மையான மறுப்பு. வேலைவாய்ப்பு வேண்டும் என்பவர்களின் வாதமும் நியாயமானது, தண்ணீர் வேண்டும் என்பவர்களின் வாதமும் நியாயமானது. மாதிரி அந்த வழக்கைத் தீர்க்காது. ஆனால் குழியைக் கட்டாமல் சூளையை மட்டும் கட்டினால், ஒரு தரப்பின் வாதத்தை மட்டும் கட்டியதாகிவிடும். என் மேசையில் குழிக்காகப் பலகையை வெட்டி இறக்கியிருக்கிறேன். அதன் அடியில் பிசின் ஊற்றிய நீலப்பச்சைத் தண்ணீர்.

வெறும் பெட்டிகளின் கணக்கு

கட்டடங்கள் முடிந்தால் ரயில் ஓட வேண்டும். இங்கேதான் தொழிற்சாலை தனக்கென்று ஓர் ஒழுங்கைக் கேட்கிறது. களிமண் திறந்த பெட்டியில் வரலாம், நனைந்தால் பாதகமில்லை. சீமெந்து மூடிய பெட்டியில்தான் போக வேண்டும், ஈரம் பட்டால் கல்லாகிவிடும். எனவே களிமண் கொண்டுவந்த பெட்டியில் சீமெந்தை ஏற்றி அனுப்ப முடியாது. திறந்த பெட்டிகள் நிறைந்து வந்து வெறுமையாகத் திரும்பும். மூடிய பெட்டிகள் வெறுமையாக வந்து நிறைந்து திரும்பும். இரண்டு வகை வெறும் பெட்டிகளையும் நிறுத்தி வைக்கத் தனித்தனிக் கிளைப்பாதைகள் வேண்டும். அவற்றை இழுத்துத் தள்ளிப் பிரிக்கும் வேலைக்கு ஓர் எஞ்சின் வேண்டும். இதனால்தான் தொழிற்சாலை உள்ள மாதிரிப் பாதையில் விளையாட்டு முடிவதேயில்லை.

நீண்ட வண்டிக்கு நான் வைத்திருப்பது எம்2 வகை டீசல் எஞ்சின். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்தவை அவை. கனேடிய மாகாணங்களின் பெயர் தாங்கியவை, ஒன்றின் பெயர் ஒன்ராறியோ. இன்று காங்கேசன்துறையை விட்டுப்போன எத்தனை குடும்பங்கள் அந்த மாகாணத்தில் வாழ்கின்றன என்பதை நினைத்தால், எஞ்சினின் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதும்போது கை சற்று நிற்கத்தான் செய்கிறது.

இந்தப் பெட்டிக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் 1990 எனக்கு வேறு மாதிரி விளங்கியது. காங்கேசன்துறையின் சீமெந்து தெற்கே போனது. அதன் கிளிங்கர் காலியில் இருந்த அரைக்கும் ஆலைக்கும் போனது. முருங்கனின் மண் வடக்கே வந்தது. மன்னாரில் மண் வெட்டியவர், மதவாச்சியில் பெட்டி மாற்றியவர், காங்கேசன்துறையில் சூளை பார்த்தவர், தெற்கில் பொதி இறக்கியவர் என்று மொழி வேறான பலரின் வேலைநாள் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருந்தது. பாதை அறுந்தபோது அந்தச் சங்கிலியும் அறுந்தது. தலைமன்னார்ப் பாதையும் 2015இல் திரும்ப வந்துவிட்டது. இன்று முருங்கனுக்கும் ரயில் உண்டு, காங்கேசன்துறைக்கும் ரயில் உண்டு. இரண்டுக்கும் இடையே கொண்டுபோக எதுவும் இல்லை.

இனி வேண்டியவை

இதேபோலச் செய்யக்கூடிய தொழிலிடங்கள் வடக்கில் இன்னும் உண்டு. ஆனையிறவு உப்பளம், அந்த உப்பை மூலப்பொருளாகக் கொண்ட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, சுன்னாகம் மின்நிலையம். ஒவ்வொன்றுக்கும் பொருள் போன வழி ஒன்று இருந்தது. ஆரம்பிப்பவர்களுக்கு உப்பளம் நல்லது. உயரமான கட்டடம் இல்லை, பாத்திகளும் உப்புக் குவியல்களும் ஒரு கொட்டிலும் போதும்.

என் மாதிரியில் இப்போதைக்குப் பென்சில் குறி அதிகமுள்ள இடம் பொதியிடும் கட்டடம். அதன் ரயில் பக்கத்து மேடை எவ்வளவு நீளம், ஒரே நேரத்தில் எத்தனை பெட்டிகள் நிற்கலாம், கூரை தண்டவாளத்துக்கு மேலேயும் நீண்டிருந்ததா என்பதெல்லாம் இன்னும் ஊகமாகவே இருக்கின்றன. அங்கே வேலை செய்தவர்களில் இளையவரே இன்று ஓய்வூதிய வயதில் இருப்பார். அந்தத் தொழிற்சாலையில் யாராவது வேலை செய்த குடும்பம் உங்களுடையது என்றால், பழைய அல்பங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தொழிற்சாலையைப் படம் எடுத்திருக்க மாட்டார்கள். பிரியாவிடை விருந்து, சுற்றுலாப் பயணம், புதிய சைக்கிளோடு நிற்கும் அண்ணன் என்று எடுத்திருப்பார்கள். ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு கதவோ, ஒரு துண்டுத் தண்டவாளமோ, கூரையின் ஒரு மூலையோ தெரிந்தால் போதும். நெளிவுகளை நான் எண்ணிக்கொள்கிறேன்.